பாலத்தடியில் பேசாத பெட்டி: ஆர்.வி. ஜிபிஎஸ் பற்றி ஒரு விமர்சனம்

போன கோடையில், பென்சில்வேனியாவின் ஒரு சின்ன ஊரில், ஒரு ரயில் பாலத்துக்கு நாற்பது அடி முன்னால் என் வாழ்க்கையிலேயே மோசமான பிரேக்கை அழுத்தினேன். பின்னால் அலமாரியில் இருந்த தட்டுகள் சரிந்து விழுந்தன. சின்னவன் அழ ஆரம்பித்தான். பாலத்தின் நெற்றியில் மஞ்சள் பலகை: 11 அடி 6 அங்குலம். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஆர்.வி.யின் உயரம் 12 அடி 2 அங்குலம். எட்டு அங்குலம் இடிக்கிறது. ஒரு சாண்கூட முழுதாக இல்லை.

பலகையைப் பார்த்தது நான் இல்லை, என் மனைவி. "ஏங்க, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அவள் கத்தியபோது நான் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டிக் கால் மைலில் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்று அது சொல்லியிருந்தது. திரையில் வழியைக் காட்டும் கோடு பாலத்தடியில் நுழைந்து அந்தப் பக்கம் அழகாக வெளியே வந்திருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை.

அது சாதாரண கார் ஜிபிஎஸ் இல்லை. ஆர்.வி.க்காகவே தனியாக விற்கிற பெட்டி. வண்டியின் உயரம், நீளம், அகலம், எடை எல்லாவற்றையும் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து நானே உள்ளே கொடுத்திருந்தேன். 12 அடி 2 அங்குலம் என்று சரியாகத்தான் கொடுத்திருந்தேன். வரைபடத்தையும் புறப்படுவதற்கு முன் புதுப்பித்திருந்தேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் கிளம்பினோம். அந்த நிம்மதிதான் இந்தப் பதிவின் விஷயம்.

பெட்டி எந்த நிறுவனத்துடையது என்று எழுதப் போவதில்லை. ஒரு பாலம் விட்டுப்போனதை வைத்து ஒரு நிறுவனத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நான் பேச நினைப்பது வேறு. இந்த வகைக் கருவி நம்மிடம் எப்படிப் பேசுகிறது, எங்கே பேசாமல் இருக்கிறது, அந்தப் பேசாமையை நாம் எப்படித் தப்பாகப் படிக்கிறோம் என்பது.

ஆர்.வி. என்றால்

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, சமையலுக்குப் புரொப்பேன் வாயு எல்லாம் வைத்த வண்டி. பஸ் அளவுக்குப் பெரியது ஏ கிளாஸ். வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கியது பி கிளாஸ். சின்ன லாரியின் கேபினுக்குப் பின்னால் வீட்டைக் கட்டி, டிரைவர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கையை நீட்டியது சி கிளாஸ். நாங்கள் எடுத்தது சி. கூரையில் ஏசிப் பெட்டி வேறு உட்கார்ந்திருக்கும். உயரத்தைக் கூட்டுவது அதுதான், முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

இதை ஓட்ட, நான் இருக்கும் மாநிலத்திலும் இன்னும் பல மாநிலங்களிலும், சாதாரண கார் லைசென்ஸ் போதும். நேற்று வரை கார் ஓட்டியவன் இன்று 29 அடி நீள வண்டியில் உட்காரலாம். கார் ஓட்டுபவனுக்குத் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யோசிக்கும் பழக்கமே கிடையாது. அந்தப் பழக்கம் இல்லாதவனிடம்தான் இந்தப் பெட்டி விற்கப்படுகிறது. கார்மின், ராண்ட் மெக்நாலி போன்ற நிறுவனங்கள் ஆர்.வி.க்கென்றே தனி வரிசை வைத்திருக்கின்றன. கூகுள் மேப்ஸ் போன்ற செயலி காரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் வண்டியின் உயரத்தைச் சொல்ல இடமே இல்லை. ஆகவே "உன் வண்டியைத் தெரிந்து வழி சொல்கிறேன்" என்று ஒரு பெட்டி சொன்னால், சில நூறு டாலர் கொடுக்க மனசு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

செயற்கைக்கோள் மேல் பழி இல்லை

இந்த மாதிரிக் கதைகளில் "ஜிபிஎஸ் ஏமாற்றிவிட்டது" என்று சொல்வது வழக்கம். அது சரியில்லை. ஜிபிஎஸ் என்ற ஏற்பாடு தன் வேலையை மிகச் சரியாகச் செய்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கீழே இருக்கும் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் கார் ஜிபிஎஸ் உருப்படியாக வேலை செய்யத் தொடங்கியது. இன்று திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் துல்லியம் சாதாரணம்.

அந்தப் பாலத்தடியில் நான் எங்கே நிற்கிறேன் என்பது பெட்டிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. என் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. செயற்கைக்கோள் அதைச் சொல்லாது. யாராவது ஒருவர், எப்போதாவது அந்தப் பாலத்தை அளந்தோ பலகையைப் படித்தோ ஒரு தரவுத்தளத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆக, பெட்டிக்குள் இரண்டு விதமான அறிவு இருக்கிறது. ஒன்று, வானத்திலிருந்து நொடிக்கு நொடி வருவது. இன்னொன்று, மனிதர்கள் எழுதி வைத்தது, விட்டுப்போனது, பழசானது. இரண்டையும் ஒரே பெண் குரல், ஒரே தொனியில் சொல்கிறது. கேட்பவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும்

எழுதி வைத்த விதி இருக்கிற இடங்களில் இந்தப் பெட்டி நன்றாகவே உதவும். மூன்று உதாரணம்.

நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் "பார்க்வே" என்ற பெயரில் பழைய சாலைகள் உண்டு. கார்களுக்காகவே கட்டியவை, பாலங்கள் தாழ்வு. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் டிரெய்லர் இழுத்துக்கொண்டு போகவே கூடாது. கார் செயலி கண்ணை மூடிக்கொண்டு அங்கே அனுப்பிவிடும்.

மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவை ஊடறுக்கும் கோயிங்-டு-த-சன் சாலையின் மலைப்பகுதியில், கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடி அகலத்துக்கு மேல், அல்லது 21 அடி நீளத்துக்கு மேல் உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. எங்கள் 29 அடி வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

மூன்றாவது பால்டிமோர். துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கச் சாலைகளிலும் புரொப்பேன் உருளைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆர்.வி.யில் வழக்கமாக இருக்கும் அளவுக்கு அனுமதி கிடையாது. அதனால் ஆர்.வி.காரர்கள் பல வருடங்களாகப் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது. பாலத்தின் மேல் சாலை வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு புரொப்பேன் வண்டிகள் நகரத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

இந்த மூன்றாவது உதாரணத்திலேயே பெட்டியின் பலமும் பலவீனமும் இருக்கிறது. "புரொப்பேன் உண்டு" என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் சுரங்கத்தைத் தவிர்த்துவிடுகிறது. நல்ல விஷயம். ஆனால் புதுப்பிக்காத பெட்டி, அதே தெளிவான குரலில், இல்லாத பாலத்துக்கு அனுப்பிவைக்கும்.

பாலத்தின் உயரத்தை யார் எழுதுகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் எனக்கு இதுதான் முதல் கேள்வி. ஒரு வாரம் இதையே தோண்டிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் பாலங்களுக்கு ஒரு பெரிய தேசியப் பதிவேடு உண்டு. 1967 டிசம்பர் 15 அன்று ஓஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பிரிட்ஜ் இடிந்து 46 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பாலங்களை முறையாகச் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. இன்று அந்தப் பதிவேட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. கீழே எவ்வளவு உயர இடைவெளி என்பதை எழுத அதில் தனிக் கட்டமும் உண்டு.

ஆனால் அந்த ஏற்பாடு செய்யப்பட்டது பொதுச் சாலையைத் தாங்கும் பாலங்கள் இடிந்துவிடாமல் பார்க்க. பாலத்தின் மேல் போகிறவனின் உயிர்தான் அதன் கவலை. அடியில் போகிறவனின் ஏசிப் பெட்டி அதன் முதல் கவலை இல்லை. ரயில் தண்டவாளத்தை மட்டும் தாங்கும் பாலமோ அந்தச் சோதனைச் சட்டத்துக்குள்ளேயே வராது. அமெரிக்காவில் சரக்கு ரயில் பாதைகளில் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களுடையவை, பாலமும் அவர்களுடையது. கீழே போகும் தெரு ஊராட்சியுடையது. நடுவில் இருக்கும் அந்தப் பதினோரு அடிக் காற்று யாருடையது என்று கேட்டால் சட்டென்று பதில் கிடைக்காது. சின்ன ஊர்களின் பழைய ரயில் பாலங்கள்தான் தாழ்வாக இருப்பவை. தரவு மெலிந்து போகும் இடமும், வண்டி இடிக்கும் இடமும் பல சமயம் ஒன்றாகிவிடுகிறது.

எழுதி வைத்த எண்ணும் அப்படியே நிற்பதில்லை. பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டால் சாலை உயரும், இடைவெளி குறையும். பனிக்காலத்தில் கெட்டித்துப்போன பனியும் அதையே செய்யும். ஒரு முறை அளந்துவிட்டு, காலத்துக்கும் தெரியும் என்று சொல்ல முடியாத விஷயம் இது.

மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்

இப்போது என் விமர்சனத்தின் மையத்துக்கு வருகிறேன்.

பெட்டி பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். "இந்தப் பாலத்தின் உயரம் எனக்குத் தெரியும், நீ தாராளமாகப் போகலாம்" என்பது ஒன்று. "இந்தப் பாலத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது" என்பது இன்னொன்று. முதலாவது தைரியமாகப் போக வேண்டிய இடம். இரண்டாவது கீழே இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். நான் பயன்படுத்திய பெட்டியின் திரையில் இரண்டுக்கும் ஒரே அடையாளம். அதாவது, ஒரு அடையாளமும் இல்லை.

நான் நாமக்கல் பக்கம் வளர்ந்தவன். எங்கள் ஊரில் லாரி இல்லாத குடும்பம் குறைவு. பெரியப்பாவுக்கு ஒரு லாரி இருந்தது, லீவு நாட்களில் ஏறிக்கொண்டு போயிருக்கிறேன். டிரைவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிளீனர் இருப்பான். வயசு பதினெட்டோ இருபதோ. சந்து, பாலம், மரக்கிளை, தொங்கும் மின்கம்பி எது வந்தாலும் "இருங்கண்ணே, எறங்கிப் பாத்துட்டு வர்றேன்" என்று குதித்துவிடுவான். முன்னால் நடந்துபோய், மேலே அண்ணாந்து பார்த்து, கையை ஆட்டி "வாங்க... வாங்க... ரைட்டு" என்பான். சந்தேகம் இருந்தால் வண்டிப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவான். அண்ணன் நிறுத்திவிடுவார்.

அந்தக் கிளீனருக்குச் செயற்கைக்கோளும் தெரியாது, வரைபடமும் தெரியாது. ஆனால் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரிந்திருந்தது. அவன் வேலையின் பாதி அதுதான். நான் சில நூறு டாலர் கொடுத்து வாங்கியது ஒரு கிளீனரை என்று நினைத்துக்கொண்டேன். "இருங்கண்ணே" என்ற ஒரு சொல் மட்டும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை.

அப்படியே சொல்லிவிட முடியாது. ஒரு இடத்தில் சொல்கிறது. காலையில் பெட்டியை ஆன் செய்ததும் பெரிய எச்சரிக்கை ஒன்று வரும். தகவலில் பிழை இருக்கலாம், சாலைப் பலகைகளைப் பார்த்து ஓட்டுவது உங்கள் பொறுப்பு என்பது அதன் சாரம். கீழே சம்மதிக்கும் பொத்தான். அதை அழுத்தாமல் வண்டி கிளப்ப வழி கேட்க முடியாது, அதனால் எல்லோரும் அழுத்துகிறோம். "எனக்குத் தெரியாது" என்பதை மொத்தமாகச் சேர்த்து, பார்க்கிங்கில் நிற்கும்போது ஒரே தரம் சொல்லிவிடுகிறது. பாலத்தடியில் சொல்வதில்லை. வழக்குக்கு அது போதும். ஓட்டுபவனுக்குப் போதாது.

நானும் குற்றவாளிதான்

வண்டியைப் பின்னால் எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பின்னால் நாலைந்து கார். ஒரு பிக்கப் டிரக்கில் வந்த பெரியவர் இறங்கி வந்தார். கோபப்படவில்லை. "இங்கே வந்து நின்ற முதல் ஆள் நீங்கள் இல்லை" என்றார். பின்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஒதுக்கி, கையைக் காட்டிக் காட்டி, ஒரு கடையின் பார்க்கிங் வரை எங்களை ரிவர்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். என் சட்டை நனைந்துவிட்டது.

அப்படிப் பின்னால் வரும்போதுதான் பார்த்தேன். பாலத்துக்கு ரொம்ப முன்னாலேயே சாலையோரம் இன்னொரு மஞ்சள் பலகை, அதே 11 அடி 6 அங்குலத்தோடு. அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பார்க்கவே இல்லை.

சாதாரண கார் செயலியை வைத்து ஓட்டியிருந்தால் பயந்து பயந்து ஓட்டியிருப்பேன், அந்தப் பலகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்.வி. பெட்டி இருந்ததால், பார்க்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டேன். பாதுகாப்புக்காக வாங்கிய பொருள் என் கவனத்தை வாங்கிக்கொண்டது.

என் சோம்பேறித்தனத்தை நியாயப்படுத்த ஆராய்ச்சி தேடினேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கிடைத்ததைச் சொல்கிறேன். ஜப்பானில் இஷிகாவாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று குழுக்களை ஊருக்குள் நடக்கவிட்டார்கள். ஒரு குழுவுக்குக் கையில் ஜிபிஎஸ், ஒன்றுக்குத் தாள் வரைபடம், ஒன்றை முதலில் கூட்டிக்கொண்டு போய் வழி காட்டினார்கள். ஜிபிஎஸ் குழு மற்றவர்களைவிட அதிக தூரம் நடந்தது, அதிக தடவை நின்றது, பிறகு வழியை வரையச் சொன்னால் மோசமாக வரைந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது மூளை ஸ்கேன் ஆய்வு. தானே வழி கண்டுபிடிக்கும்போது தெருக்களின் அமைப்பைப் பின்தொடர்ந்து துடித்த ஹிப்போகாம்பஸ் பகுதி, கருவியின் சொல்படி போகும்போது அப்படித் துடிக்கவில்லை. 2020இல் கனடாவின் தஹ்மானியும் போபோவும் ஐம்பது ஓட்டுநர்களைச் சோதித்து, அதில் பதின்மூன்று பேரை மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். இடையில் ஜிபிஎஸ் அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு இட நினைவு அதிகமாகச் சரிந்திருந்தது. பதின்மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லக்கூடாது.

இந்த ஆய்வுகள் எதுவும் பாலத்தைப் பற்றியவை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. அடுத்த திருப்பத்தை யாராவது சொல்லிக்கொண்டே வந்தால், சுற்றி இருப்பதைப் படிக்கும் வேலையை நாம் விட்டுவிடுகிறோம்.

தாளைப் புகழப் போவதில்லை

இந்த இடத்தில் "அந்தக் காலத்தில் மேப்பை விரித்து வைத்து எவ்வளவு அழகாகப் போனோம்" என்று எழுதுவது சுலபம். அதை எழுத மனசு வரவில்லை. காரணம் ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மலைகள்.

அங்கே பியர் கேம்ப் என்ற மலைச்சாலைப் பகுதி இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்குக் குறுக்கு வழி. பனிக்காலத்தில் மூடிப்போகும். 1994இல் கேம்பர் வண்டி விற்பவர் ஒருவர் அங்கே பனியில் சிக்கி, தன் வண்டியிலேயே வாரக்கணக்கில் காத்திருந்து இறந்தார். கார் ஜிபிஎஸ் பரவாத காலம். 2006 மார்ச்சில் அதே மலைப்பகுதியில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஆர்.வி.யோடு பனியில் சிக்கிப் பதினேழு நாள் கிடந்தது, நல்லவேளை எல்லோரும் பிழைத்தார்கள். அதே வருடக் கடைசியில் இரண்டு குழந்தைகளோடு காரில் போன ஒரு தம்பதி சிக்கினார்கள். உதவி தேடி நடந்துபோன கணவர் இறந்துவிட்டார். அப்போது பலர் இணைய வரைபடத்தின் மேல் பழி போட்டார்கள். அவர்கள் பார்த்தது தாள் வரைபடம்.

தாளிலும் கோடு கோடுதான். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் ஒரே நிறத்தில் இருக்கும். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. தாள் பேசாது. "நேராகப் போ" என்று சொல்லாது. அதனால் அதன் மௌனத்தை யாரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில்லை. மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே வரும் ஒருவர் ஒரு இடத்தில் மட்டும் பேசாமல் இருந்தால்தான் அது சம்மதம் போலத் தெரியும்.

பலகை இருந்தும் இடிப்பவர்கள்

எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வட கரோலினாவின் டர்ஹாம் நகரத்து ரயில் பாலத்தைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். 1940இல் கட்டியது, 11 அடி 8 அங்குலம். அடியில் மாட்டி லாரிகளின் கூரை டின் மூடி போல உரிந்துபோவதால் "கேன் ஓப்பனர்" என்று செல்லப்பெயர். 2008 முதல் அங்கே ஒரு கேமரா படம் பிடித்துக்கொண்டிருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். மஞ்சள் விளக்கு, பலகை, உயரத்தை உணர்ந்து சிவப்பு விளக்கைப் போடும் கருவி எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். மோதல் நிற்கவில்லை. 2019 அக்டோபரில் பாலத்தையே எட்டு அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். எனக்குக் குறைந்த அதே எட்டு அங்குலம். அதற்குப் பிறகும் இடிக்கிறார்கள்.

அங்கே மாட்டுவதில் வாடகை லாரியும் ஆர்.வி.யும் நிறைய. சொந்த வண்டி இல்லாததால் அதன் உயரம் உடம்பில் பதிந்திருக்காது. பலகையில் எண் இருக்கும், ஒப்பிட மனசில் எண் இருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. யூட்டா மாநிலத்தின் சையன் தேசியப் பூங்காவில் 1930இல் திறந்த ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம். வளைந்த கூரை, ஓரத்தில் தாழ்வு, நடுவில் உயரம். பெரிய வண்டி நடுவில் மட்டும்தான் போக முடியும். அதனால் பல வருடங்களாக அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது: 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டினால் பதினைந்து டாலர் கட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, ரேஞ்சர்கள் எதிர்ப்பக்கம் வரும் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பெரிய வண்டியை நடுக்கோட்டில் விட்டார்கள். யாரோ ஒருவர் நின்று வண்டியைப் பார்த்தார். அதுவும் கிளீனர் வேலைதான்.

நான் கேட்பது

பெட்டி செய்பவர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கோட்டுக்கு மூன்று நிறம் போதும். உயரம் பதிவாகி, நீ போகலாம் என்றால் ஒன்று. போகக்கூடாது என்றால் ஒன்று. பாலம் இருக்கிறது, உயரம் எனக்குத் தெரியாது என்றால் ஒன்று. அந்த மூன்றாவது நிறம் வரும் இடத்தில், கால் மைல் முன்னால், "பலகையைப் பாருங்கள்" என்று இரண்டு சொல். சாலைக்கு மேலே ஏதோ கடக்கிறது என்பது வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ரயில் கோடும் தெருக் கோடும் ஒன்றையொன்று வெட்டுவதை என் திரையிலேயே நான் பார்த்தேன். லெவல் கிராசிங்காக இருந்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

இப்படிச் செய்தால் பெட்டி அடிக்கடி "தெரியாது" என்று சொல்ல வேண்டியிருக்கும். விற்கும் பெட்டி தனக்குத் தெரியாததைத் தானே சொல்லிக்கொள்வது வியாபாரத்துக்குக் கஷ்டம்தான். ஆனால் கொடுக்கிற காசு அதற்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை நான் செய்வது இது. வண்டியை எடுத்ததும் டேப் வைத்து ஏசிப் பெட்டியின் உச்சி வரை நானே அளக்கிறேன். அந்த எண்ணை அடி, அங்குலம், மீட்டர் மூன்றிலும் எழுதி, கண்ணுக்கு நேராக ஒட்டுகிறேன். கனடா எல்லையைத் தாண்டினால் பலகை மீட்டரில் இருக்கும், ஓட்டிக்கொண்டே பெருக்கல் போட முடியாது. பெட்டியில் உயரத்தை ஆறு அங்குலம் கூட்டிக் கொடுக்கிறேன். முந்தின நாள் ராத்திரி கடைசி ஐந்து மைலைத் தெருப் படங்களில் பார்த்துவிடுகிறேன், நெடுஞ்சாலையைவிட முகாமுக்குப் போகும் உள்ளூர்த் தெருவில்தான் ஆபத்து. லாரிக்காரர்களுக்கென்று ராண்ட் மெக்நாலி போடும் அட்லசில் தாழ்வான பாலங்களின் பட்டியல் மாநிலம் மாநிலமாக இருக்கும், அதையும் வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. புரொப்பேன் சுரங்கம் எனக்கு நினைவிருக்காது, அதற்கு நினைவிருக்கும்.

அக்டோபரில் மறுபடி ஒரு ஆர்.வி. எடுத்தோம். இந்தத் தடவை பாலம் வந்தால் உரக்கப் படிப்பது பெரியவளின் வேலை. பக்கத்து சீட்டை அம்மாவிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு, "பதிமூணு எட்டு!", "பதினாலு!" என்று கத்திக்கொண்டு வந்தாள். ஒரு கிராமத்துச் சாலையில், ஒரு பழைய கல் பாலத்துக்கு முன்னால், அவள் குரல் இறங்கியது. "அப்பா, இதுல ஒண்ணுமே எழுதல."

பலகை இல்லை. பெட்டியும் பேசவில்லை. ஓரமாக நிறுத்தினேன். என் மனைவி இறங்கிப் போய், பாலத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, வண்டியைப் பார்த்து, மறுபடி பாலத்தைப் பார்த்து, கையை ஆட்டினாள். இரண்டு அடிக்கு மேல் இடம் இருந்தது.

ஆர்.வி.யோ லாரியோ ஓட்டுபவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். உங்கள் பெட்டி எந்த இடத்திலாவது "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறதா? அப்படி ஒன்று இருந்தால் அதைத்தான் அடுத்து வாங்குவேன்.